ஆறாம் களத்தில் ஆடுபவள்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

ஆண்டு மலரில் விளையாட்டுப் பக்கம் என்றால் வழக்கமாக ஒரு வீராங்கனையின் வாழ்க்கை வரலாறு இருக்கும். பிறந்த ஊர், பெற்ற பதக்கங்கள், வாங்கிய விருதுகள், முடிவில் ‘நாமும் அவரைப் போல் ஆவோம்’ என்று ஒரு வரி. சென்ற ஆண்டு நாங்களும் அப்படித்தான் எழுதினோம். இவ்வாண்டு பெயரே தெரியாத ஒருத்தியைப் பற்றி எழுத விரும்புகிறோம். அவள் படம் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. அமெரிக்காவில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் மகளிர் டென்னிஸ் அணியில் ஆறாம் இடத்தில் ஆடுபவள் அவள். அவளைப் போன்றவர்கள் அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்.

‘நமக்கும் அமெரிக்கக் கல்லூரி டென்னிசுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று பெற்றோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எங்கள் பள்ளியில் டென்னிஸ் களமே கிடையாது. வேப்பமரத்தடியில் டென்னிகாய்ட் வளையம் வீசுகிறோம். மைதானத்தில் எறிபந்து ஆடுகிறோம். டென்னிசைத் தொலைக்காட்சியில் மட்டுமே கண்டிருக்கிறோம். 2024-ஆம் ஆண்டு விம்பிள்டனில் லுலு சன் என்னும் நியூசிலாந்துப் பெண் தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்து காலிறுதி வரை முன்னேறினார். யார் இவர் என்று தேடினோம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அதன் அணிக்காக ஆடியவர் என்று தெரிந்தது. 2021-இல் அந்த அணி பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தை 4-3 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றபோது, கடைசிப் புள்ளியை வென்று கொடுத்தவரும் அவரே. அதென்ன 4-3? டென்னிசில் 6-4, 7-5 என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? இந்த ஒரு கேள்விதான் எங்களை இழுத்துக்கொண்டு போயிற்று.

விஷயம் இதுதான். இரு பல்கலைக்கழக அணிகள் மோதும்போது மொத்தம் 7 புள்ளிகள். முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் மூன்று களங்களில் நடக்கும்; ஒவ்வொன்றும் ஒரே ஒரு செட். மூன்றில் இரண்டை வென்ற அணிக்கு ஒரு புள்ளி. அதன்பின் ஆறு ஒற்றையர் ஆட்டங்கள். அணியில் தலைசிறந்தவள் முதல் களத்தில், அடுத்தவள் இரண்டாம் களத்தில், இப்படி ஆறு வரை வரிசையாக நிற்பார்கள். எதிரணியின் முதல்வளோடு நம் முதல்வள், ஆறாமவளோடு நம் ஆறாமவள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு புள்ளி. நான்கு புள்ளியை முதலில் எட்டும் அணி வென்றது.

இங்கே ஒரு நொடி நின்று யோசியுங்கள் தோழியரே! முதல் களத்தில் வென்றாலும் ஒரு புள்ளி. ஆறாம் களத்தில் வென்றாலும் அதே ஒரு புள்ளி. முதல்வளின் புள்ளி கனமானதும் அன்று, ஆறாமவளின் புள்ளி இலேசானதும் அன்று. ஒரு கல்லூரி அணி புதிய பருவத்துக்குத் தயாராகும்போது கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்களில் மிகக் கடினமானது இதுதான் என்பது எங்கள் கருத்து. சர்வீசும் ஓட்டமும் உடற்பயிற்சியும் இதற்கு அடுத்தவையே.

ஏன் கடினம்? டென்னிஸ் தனியாள் விளையாட்டு. ஆறேழு வயதில் மட்டை பிடித்த பெண் பதினெட்டு வயது வரை தனக்காகவே ஆடியிருக்கிறாள். பெற்றோர் அவளுக்காகவே செலவு செய்தார்கள். பயிற்சியாளர் அவளை மட்டுமே பார்த்தார். அவள் ஆடும்போது சுற்றிலும் அமைதி. தன் ஊரில் அவளே முதல்வள். அப்படிப்பட்ட எட்டு, ஒன்பது முதல்வள்கள் ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரே வளாகத்தில் வந்து சேருகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் ஆடும் டென்னிஸ் பெண்களில் பெரும்பகுதியினர் வெளிநாட்டவர். ஆதலால் மொழியும் வேறு, உணவும் வேறு. எல்லோரும் தத்தம் ஊரில் முதல் ரேங்க் வாங்கியவர்கள். அவர்களுள் ஒருத்தி ஆறாமவளாக ஆகித்தானே தீர வேண்டும்?

இலையுதிர் காலம் முழுதும் தயாரிப்புக் காலம். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை நடப்பவை பெரும்பாலும் தனியாள் போட்டிகள். முன்பெல்லாம் மே மாதத்தில் நடந்து வந்த தேசியக் கல்லூரி ஒற்றையர், இரட்டையர் பட்டப் போட்டிகளையும் 2024-இல் நவம்பருக்கு மாற்றினார்கள். அணிக்கு அணி மோதும் பருவம் ஜனவரியில் தொடங்கும். மிச்சிகன், ஒஹையோ போன்ற குளிர் மாநிலங்களில் அப்போது வெளியே பனி. கூரையிட்ட அரங்குக்குள்தான் ஆட்டம். பிப்ரவரியில் உள்ளரங்குத் தேசியப் போட்டி, ஏப்ரலில் வட்டாரக் கூட்டமைப்புப் போட்டி, மே மாதத்தில் 64 அணிகள் கலந்துகொள்ளும் தேசியப் பட்டப் போட்டி என்று ஆண்டு ஓடிவிடும்.

இதற்கிடையே படிப்பு என்னவாகும் என்பதுதான் எங்கள் அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி. அங்கே அதற்கும் விதி உண்டு. பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது. ஒரு நாளில் 4 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கட்டாயம். பருவம் அல்லாத நாட்களில் வாரத்துக்கு 8 மணி நேரம்தான். (இப்படி ஒரு விதியை எங்கள் வீட்டுப்பாடத்துக்கும் கொண்டுவந்தால் நாங்கள் மறுக்க மாட்டோம்.) படிப்பில் பின்தங்கினால் மட்டையைத் தொட முடியாது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் பட்டப்படிப்பில் 40 விழுக்காடும், மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் 60 விழுக்காடும், நான்காம் ஆண்டு முடிவதற்குள் 80 விழுக்காடும் முடித்திருக்க வேண்டும். வெளியூர்ப் போட்டிக்குப் போகும் பேருந்திலும் விமான நிலையத்திலும் உட்கார்ந்து படிக்கிறார்கள். பொதுத்தேர்வு ஆண்டு வந்துவிட்டது, இனி விளையாட்டு வேண்டாம் என்று சொல்லும் பெரியவர்களிடம் இதை மரியாதையோடு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். அதற்கு மேல் இங்கே வாதாட மாட்டோம்; அது வேறு கட்டுரை.

இந்த ஆறு இடங்களும் தொன்றுதொட்டு இருந்தவை அல்ல. பில்லி ஜீன் கிங் 1961-இல் தம் பதினேழாம் வயதிலேயே விம்பிள்டன் மகளிர் இரட்டையர் பட்டம் வென்றவர். அவ்வாண்டே லாஸ் ஏஞ்சலஸ் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். விம்பிள்டன் பட்டம் பெற்றவருக்குக் கல்லூரி கொடுத்த விளையாட்டு உதவித்தொகை எவ்வளவு தெரியுமா? ஒன்றுமில்லை. அதே நகரத்தில் வேறு பல்கலைக்கழகங்களில் படித்த ஆர்தர் ஆஷ், ஸ்டான் ஸ்மித் போன்ற ஆடவர் உதவித்தொகை பெற்றே படித்தார்கள். இவரோ வேலை செய்துகொண்டு படித்தார். 1972-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், அரசின் பணம் பெறும் கல்வி நிலையம் எதிலும் பால் காரணமாக எவரையும் விலக்கக் கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தாயிற்று. ஆங்கிலத்தில் 37 சொற்களே கொண்டது அதன் முக்கிய வாசகம். அதில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை! ஆனால் அந்தச் சொற்களின் வழியாகத்தான் பெண்கள் கல்லூரி மைதானத்துக்குள் நுழைந்தார்கள். அதன்பின் பத்தாண்டுகள் கழித்து, 1982-இல்தான் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் மகளிர் டென்னிசுக்கு முதன்முதலாகப் பட்டப் போட்டி நடத்தியது. அதை வென்றது ஸ்டான்ஃபோர்டு. 2019 வரை அந்தப் பல்கலைக்கழகம் 20 முறை பட்டம் பெற்றுவிட்டது.

பின்னர் நிலைமை வெகுவாக மாறியது. முதல் பிரிவில் 2025 வரை ஒரு மகளிர் டென்னிஸ் அணிக்கு 8 முழு உதவித்தொகை. ஆடவர் அணிக்கு நான்கரைதான். இப்போது பல பெரிய பல்கலைக்கழகங்களில் உதவித்தொகையின் எண்ணிக்கைக்குப் பதிலாக அணியின் ஆட்களுக்கு வரம்பு வந்துள்ளது: பத்துப் பேர். செலவைக் காரணம் காட்டிச் சில பல்கலைக்கழகங்கள் டென்னிஸ் அணியையே மூடியும் இருக்கின்றன. ஆகவே ஆறாம் இடம் என்பது யாரும் சும்மா தூக்கிக் கொடுத்தது அன்று. பல ஆண்டுகள் கேட்டுப் பெற்ற இடம்.

இனி வரிசைக்கு வருவோம். யார் எந்தக் களம் என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்கிறார். இலையுதிர் காலப் போட்டிகளின் முடிவுகளைப் பார்க்கிறார். அணிக்குள்ளேயே ஒருத்தியோடு ஒருத்தியை மோதவிட்டும் பார்க்கிறார். திங்கட்கிழமை யாரைத் தோற்கடித்து மேலே போனாளோ, அவளோடு செவ்வாய்க்கிழமை இரட்டையர் ஆட்டத்தில் தோளோடு தோள் நிற்க வேண்டும். இதை எழுதும்போதே எங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அரையாண்டுத் தேர்வில் அரை மதிப்பெண் வித்தியாசத்துக்காக ஒரு வாரம் பேசாமல் இருந்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே உண்டு.

இந்த வரிசையில் சூழ்ச்சி செய்யவும் இடமில்லை. ஒரு பயிற்சியாளர் தந்திரமாக, தம் அணியில் பலவீனமானவளை எதிரணியின் முதல்வளுக்குப் பலியாடாக விட்டுவிட்டு, மற்றவர்களைக் கீழே இறக்கி ஐந்து களங்களிலும் எளிதாகப் புள்ளி சேர்க்கலாம் அல்லவா? அது விதிப்படி குற்றம். திறமை எந்த வரிசையோ அந்த வரிசையில்தான் நிறுத்த வேண்டும். எதிரணி ஆட்சேபிக்கவும் உரிமை உண்டு. ஆக, தாளில் ஆறாவது என்று எழுதியிருந்தால் உண்மையாகவே அவள் ஆறாவதுதான். ‘நீயும் முதல்வளுக்குச் சமம்தான், கண்ணே’ என்று பொய் ஆறுதல் சொல்ல முடியாது. எங்களுக்கு இந்த முறையில் பிடித்ததே இந்த ஒளிவுமறைவின்மைதான். நீ ஆறாவது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறார்கள். உன் புள்ளி முழுப் புள்ளி என்றும் அதே மூச்சில் சொல்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரி ஒருத்தி இதை ஒப்பவில்லை. ‘இதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கும். முதல் களத்தில் ஆடுபவள் நாளை விம்பிள்டன் போவாள். ஆறாம் களத்தில் ஆடுபவள் பட்டம் வாங்கிக்கொண்டு வேலை தேடுவாள். இரண்டும் எப்படிச் சமம்?’ என்றாள். அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது. பணமும் புகழும் முதல் களத்தின் பக்கமே என்பதை மறுக்க முடியாது. அதனால் அவளை அவள் வழியிலேயே, கணக்குப் போட்டுத்தான் சம்மதிக்க வைத்தோம்.

ஓர் அணி முதல் மூன்று களங்களிலும் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்று புள்ளி போயிற்று. இரட்டையர் புள்ளியும் நான்கு, ஐந்து, ஆறாம் களங்களின் புள்ளிகளும் அதனிடம் இருந்தால் நான்கு. அணி வென்றது! அதன் மிகச் சிறந்த மூன்று பேரும் ஒற்றையரில் தலைகுனிந்து நிற்க, கடைசி மூன்று பேர் அணியைத் தூக்கி நிறுத்த முடியும். இது வெறும் காகிதக் கணக்கு என்று எண்ண வேண்டாம். 2013 முதல் 2021 வரை எட்டு இறுதிப் போட்டிகள் நடந்தன (2020-இல் கொரோனாவால் போட்டியே இல்லை). அவற்றில் 2013, 2014, 2016, 2018, 2021 ஆகிய ஐந்தும் 4-3 என்றே முடிந்தன. ஒரு புள்ளி மாறியிருந்தால் கிண்ணம் வேறு ஊருக்குப் போயிருக்கும். 2018-இல் ஸ்டான்ஃபோர்டு தரவரிசையில் பதினைந்தாவதாக உள்ளே வந்து, இறுதியில் முதலிடத்தில் இருந்த வாண்டர்பில்ட்டை 4-3 என்று வென்றது. அந்த நான்கில் எந்தப் புள்ளியை வேண்டாம் என்று கழிப்பீர்கள்? கணக்குக்காரி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘சரி, எழுதுங்கள்’ என்றாள்.

ஆறாம் களம் பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும். கூட்டம் முதல் களத்தருகே உட்காரும். கல்லூரி டென்னிசில் ஆட்டத்தின் நடுவிலும் பயிற்சியாளர் களத்துக்குள் வந்து அறிவுரை சொல்லலாம். ஆனால் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர், உதவியாளர் ஓரிருவர், களமோ ஆறு. நெடுநேரம் தனியாகத்தான் ஆட வேண்டியிருக்கும். துணைக்கு என்ன உண்டு என்றால் குரல் உண்டு. மூன்றாம் களத்தில் ஆடிக்கொண்டிருக்கும் பெண் தன் ஆட்டத்தின் இடையிலேயே ஆறாம் களத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கத்துகிறாள். இங்கிருந்து இவள் பதிலுக்குக் கத்துகிறாள். அமைதியிலேயே வளர்ந்த டென்னிஸ் பிள்ளைகள் இப்படிக் கத்தக் கற்றுக்கொள்வதும் தயாரிப்பில் ஒரு பகுதியாம்! கத்தினால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டியிருக்கும் எங்களுக்கு இது பெரிய வியப்பு.

இன்னொன்று. பெரும்பாலான கல்லூரிப் போட்டிகளில் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று சொல்பவர் நடுவர் அல்லர். ஆடுபவளே சொல்ல வேண்டும். தன் பக்கம் விழும் பந்துக்குத் தானே நீதிபதி. ஐயம் இருந்தால் பந்து எதிரிக்குச் சாதகம்; நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு வெளியே தெரிந்தாலும் அது உள்ளே விழுந்த பந்துதான் என்பது விதி. நடுவர்கள் பல களங்களையும் சுற்றி வருவார்கள். தவறாகச் சொன்னதைக் கண்டால் மாற்றுவார்கள். ஆனால் எல்லா நேரமும் எல்லாக் களத்திலும் அவர் கண் இருக்குமா? இதற்கிடையில் 40-40 என்று சமமானால் வழக்கமான டென்னிசைப் போல இரண்டு புள்ளி முன்னிலை எடுக்கத் தேவையில்லை. அடுத்த ஒரே புள்ளியில் அந்த கேம் முடிந்துவிடும். அணி 3-3 என்று நிற்கிறது, கடைசி செட், 40-40, பந்து கோட்டை ஒட்டி விழுகிறது, பார்த்தவள் நீ ஒருத்திதான். கையை உயர்த்தி ‘வெளியே’ என்று சொல்வாயா? நாங்கள் இதை எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம். உடனே ‘சொல்ல மாட்டேன்’ என்றவர்கள் இருவர். நெடுநேரம் யோசித்தவர்கள் பலர். யோசித்தவர்களே உண்மை பேசியவர்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

எல்லாவற்றிலும் எங்களை அதிகம் வருத்தியது வேறொரு விதி. பட்டப் போட்டி போன்ற முக்கியமான மோதல்களில் ஓர் அணி நான்காம் புள்ளியைப் பெற்ற நொடியே மற்ற களங்களில் ஆட்டம் நின்றுவிடும். ஆறாம் களத்தில் ஒருத்தி முதல் செட்டைத் தோற்று, இரண்டாம் செட்டை வென்று, மூன்றாவதில் 5-2 என்று முன்னே நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேரம் ஓடியிருக்கிறாள். இன்னும் ஒரு கேம்தான் வேண்டும். அப்போது நான்காம் களத்தில் தோழி வெல்கிறாள். எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள். இவள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். இவளுக்கு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ‘முடிவுறாதது’ என்று குறிப்பேட்டில் ஒரு சொல், அவ்வளவுதான்.

இது அநியாயம் என்று எங்களில் பாதிப் பேர் சொன்னார்கள். அவள் ஆட்டத்தை முடிக்க விட்டால் என்ன குறைந்துவிடும்? மீதிப் பேர், ‘அணிக்கு வேண்டிய நான்கு கிடைத்த பின்பு ஐந்தாவது யாருக்காக? அவளுக்காக மட்டும்தானே?’ என்றார்கள். இன்னும் எங்களுக்குள் தீரவில்லை. ஆயினும் ஒன்று சொல்லலாம். ஆறாம் களத்தில் அவள் 5-2 என்று முன்னே நின்றதால்தான் எதிரணிக்கு அந்தப் பக்கம் நம்பிக்கை அற்றுப் போயிற்று. நான்காம் களத்தில் இருந்தவள் பதறாமல் ஆடினாள். எண்ணப்படாத ஆட்டமும் ஆட்டத்துக்குள் இருந்திருக்கிறது. இதை வெளியார் அறிய மாட்டார்கள். அணிக்குள் இருப்பவர்கள் அறிந்திருந்தால் போதும் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அணிக்குள் இருப்பவர்கள் எப்போதும் அறிந்திருக்கிறார்களா? எங்கள் கதையைக் கீழே சொல்கிறோம்.

அதற்கு முன் ஏழாமவளையும் சொல்லிவிட வேண்டும். எட்டு அல்லது பத்துப் பேர் உள்ள அணியில் ஒற்றையருக்கு ஆறு இடந்தான். மீதிப் பேர்? அவர்களும் அதே குளிரில் அதே நேரத்துக்கு எழுந்து அதே பயிற்சி செய்தவர்கள். டேனியல் காலின்ஸ் முதலில் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஓராண்டு இருந்தார். ஆடும் வரிசையில் அவருக்கு நிலையாக இடம் கிடைக்கவில்லை. பின்னர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு மாறி, 2014-இலும் 2016-இலும் தேசியக் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றார். 2022-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதிப் போட்டி வரை சென்றார். வெளியே உட்கார்ந்திருப்பவள் யார் என்று நமக்குத் தெரியாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம். ஆனால் நேர்மையாகச் சொன்னால், வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் காலின்ஸ் ஆவதில்லை. நாளை புகழ் பெறக்கூடும் என்பதற்காக இன்று ஒருத்தியை மதிப்பது வியாபாரம். புகழ் பெறாமலே போகப்போகிறவளையும் மதிக்க வேண்டும் என்பதே எங்கள் பேச்சு.

இப்போது எங்கள் கதை. சென்ற ஆண்டு மலரை எடுத்து ‘எறிபந்து அணி’ என்ற படத்தைப் பாருங்கள். ஏழு பேர் நிற்கிறோம். நடுவில் கிண்ணம். ஆனால் அணியில் இருந்தவர்கள் ஒன்பது பேர். ஆடுபவர் ஏழு, மாற்று ஆட்டக்காரிகள் இருவர். படம் எடுத்த அன்று அந்த இருவரையும் கூப்பிட எங்களுக்கு நினைவு வரவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நினைவு வரவில்லை, அவ்வளவுதான். அதுதான் இன்னும் மோசம்.

அந்த இருவரில் ஒருத்தி எங்கள் வகுப்பு. வட்டாரப் போட்டிக்கு எங்களோடு பேருந்தில் வந்தவள். நாங்கள் ஆடும்போது எங்கள் செருப்புகளையும் கைக்கடிகாரங்களையும் காத்தவள். காலையில் ஆறு மணிக்கு நாங்கள் மைதானத்துக்கு வரும்போது அவள் ஏற்கெனவே வலையைக் கட்டியிருப்பாள். பயிற்சியில் நாங்கள் ஏழு பேரும் எங்களுக்குள்ளேயே பந்தை வீசிக்கொள்வோம். அவள் பக்கம் பந்து போகாது. இறுதி ஆட்டத்தில் ஒருத்திக்குக் கால் சுளுக்கிக்கொண்டபோது, ‘நொண்டிக்கொண்டாவது நீயே ஆடு’ என்று நாங்கள் சொன்னோமே தவிர, கோட்டுக்கு வெளியே எழுந்து நின்ற அவளைப் பார்க்கவில்லை. வென்றும் விட்டோம். வென்றதால் யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை.

இவ்வாண்டு அணிக்குப் பெயர் கொடுக்கும்போது அவள் கொடுக்கவில்லை. ‘பத்தாம் வகுப்பு, படிக்க வேண்டும்’ என்றாள். நாங்களும் நம்பினோம். டென்னிஸ் களங்களைப் பற்றி இதையெல்லாம் படித்துப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், உணவு இடைவேளையில், பக்கத்து மேசையில் இருந்த அவள் எங்களைப் பார்த்து, ‘அங்கே ஆறாவது களத்துக்குத் தனிப் பெயர்ப்பலகை இருக்குமா?’ என்று கேட்டாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஒருத்திக்கும் சோறு இறங்கவில்லை.

கட்டுரை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் காட்டினோம். அவளைப் பற்றி எழுதியதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டோம். பெயர் போடாமல் இருந்தால் சரி என்றாள். மாற்று ஆட்டக்காரிகளையும் சேர்த்து ஒன்பது பேர் நிற்கும் படமே இனி மலரில் வர வேண்டும் என்று உடற்கல்வி ஆசிரியையிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். சிஸ்டரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். ஜூன் மாதம் பதினோராம் வகுப்பு அணிக்குப் பெயர் எழுதும் தாளில் அவள் பெயருக்கு ஓர் இடம் விட்டிருக்கிறோம். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடமும் சொன்னோம். அம்மா சிரித்துக்கொண்டே எங்களுக்குக் காபி கொடுத்தார். அவள் வாசலில் நின்று, ‘பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்’ என்றாள்.